மேசை தட்டும் மரியாதை

ரைமுண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டு, "இதைப் பத்தி ரெண்டே ரெண்டு வார்த்தை சொல்லிட்டு முடிச்சுடறேன்" என்றான்.

பல்கலைக்கழக செமினார் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஹென்னிங் கடிகாரத்தைப் பார்த்தான். ரைமுண்டின் இரண்டு வார்த்தை எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும். நவம்பரில் வாசிக்க ஆரம்பித்த கட்டுரை அது. இப்போது பிப்ரவரி. வெளியே பனி உருகிச் சேறாகிவிட்டது, உள்ளே ரைமுண்ட் இன்னும் முன்னுரையைத் தாண்டவில்லை.

"பஸ் நிறுத்தத்துல ஒருத்தன் நிக்கறான். அவன் பஸ்ஸுக்காகக் காத்திருக்கானா, இல்லே காத்திருக்கறதுக்காக நிக்கறானா? இதை நாம அவசரப்படாம யோசிக்கணும்."

"யோசி, யோசி. உன்னை யாரு அவசரப்படுத்தினா?" என்று ஹென்னிங் பல்லுக்குள் முனகினான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேசா பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மெதுவா. கேட்டுடப்போகுது" என்றாள். செமினார் தொடங்கியபோது அவள் ஒரு காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அது முடிந்து, ஜோடியும் முடிந்து, குல்லாய் முடிந்து, இப்போது ஒரு ஸ்வெட்டரின் இரண்டாவது கை நடந்துகொண்டிருந்தது.

"கேக்கட்டுமே! நல்லாக் கேக்கட்டும்!"

ஹென்னிங் லோர்ஸ் கணக்கு படிப்பவன். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் கணக்கு மட்டும் படித்தவனுக்குப் பட்டம் கொடுக்கமாட்டார்கள். துணைப்பாடம் என்று இன்னொன்றையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அவனோடு படித்தவர்கள் புத்திசாலித்தனமாக இயற்பியல் எடுத்தார்கள். இவனிடம் எவனோ ஒரு புண்ணியவான், "தத்துவம் எடுடா. படிக்கவே வேணாம், பேசினாப் போதும்" என்று சொல்லிவிட்டான். அந்தப் புண்ணியவான் மட்டும் இப்போது கையில் கிடைத்தால் தெரியும் சேதி! பேசினால் போதும் என்றது சரிதான். யார் பேசுவது என்பதைத்தான் படுபாவி சொல்லவில்லை.

கணக்கில் எல்லாம் தேறியாகிவிட்டது. ஊரில் கடல் அணை அலுவலகத்தில் வேலையும் தயார். அணையை எவ்வளவு உயர்த்தினால் புயல்நேரத்து அலை தாண்டாது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை. ஏப்ரலில் பட்டத்தோடு வா, நாற்காலி உனக்கு. வரவில்லையென்றால் இன்னொருவனுக்கு என்று சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இந்தத் தத்துவ செமினாரில் ஒரு கட்டுரை வாசித்து, பேராசிரியை ட்ரோஸ்டிடம் சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவே.

அதற்குத்தான் நாலு வாரமாக நடையாய் நடக்கிறான். ஒவ்வொரு வாரமும் ரைமுண்ட் முடிக்கமாட்டான், அவன் முடிக்காத விஷயத்தை மற்றவர்கள் விவாதிப்பார்கள், நேரம் போய்விடும். பேராசிரியை பைகளை எடுத்துக்கொண்டே, "லோர்ஸ், நீங்க அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?" என்பார்.

இன்று அடுத்த வாரம் கிடையாது. இதுதான் கடைசி வகுப்பு. பேராசிரியை ட்ரோஸ்ட் சாயங்கால ரயிலில் ரோமாபுரிக்குக் கிளம்புகிறார். ஒரு வருஷ விடுப்பு. அவருடைய சூட்கேஸ் வகுப்புக்கே வந்து கதவோரம் நின்றது. இன்று கையெழுத்து விழாவிட்டால், அடுத்த வருஷம் வேறொருவரிடம் முதலிலிருந்து உட்கார வேண்டும்.

செமினாரின் தலைப்பு, பொறுமை. நான் கேலி பண்ணவில்லை. அறிவிப்புப் பலகையில் அப்படித்தான் போட்டிருந்தது.

ரைமுண்ட் மூச்சு வாங்க நிறுத்தினான். உடனே வகுப்பு மேசைகளைத் தட்டியது. அந்த ஊரில் பாடம் முடிந்தால் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் மரியாதை. கேசாகூட ஊசிகளைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். முன்வரிசையில் இங்கோ என்ற மாணவன் கண்ணை மூடிக்கொண்டு தட்டினான்.

"ஆட்டு மந்தை" என்று ஹென்னிங் நினைத்தான். "நாலு மாசமா ஒரு எழவும் புரியலே, ஆனா என்ன தட்டு தட்டுதுங்க!"

ரைமுண்ட் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றி. அப்போ இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று தாளைப் புரட்டினான்.

ஹென்னிங் கையைத் தூக்கினான்.

இங்கோதான் பேச்சாளர் பட்டியல் வைத்திருப்பவன். யார் பேச வேண்டுமென்றாலும் அவன் பெயர் எழுதி, வரிசையாகக் கூப்பிடுவான். கடவுளே கையைத் தூக்கினாலும் வரிசைதான்.

"ஹென்னிங், உன்னை எழுதிக்கிட்டேன். உனக்கு முன்னாடி ஏழு பேர் இருக்காங்க" என்றான் இங்கோ.

"எனக்குப் பேச வேணாம்ப்பா! அவனை நிறுத்தச் சொல்றதுக்குத்தான் கை தூக்கினேன்!"

"அதைச் சொல்றதும் பேச்சுதானே? எட்டாவதா சொல்லு."

ஹென்னிங் இரண்டு கைகளையும் தூக்கினான். இரண்டு கை தூக்கினால் நடைமுறைத் தீர்மானம் என்று அர்த்தம். அதற்கு வரிசை கிடையாது, உடனே கேட்டாக வேண்டும். மாணவர் கூட்டங்களில் பழகிய வழக்கம். ஹென்னிங் இதுவரை அதைச் செய்ததில்லை. செய்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

"பேச்சாளர் பட்டியலை இத்தோட மூடணும். இதுதான் என் தீர்மானம்."

"சரி. எதிர்த்துப் பேசறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று இங்கோ கேட்டான்.

"எதிர்த்து எதுக்குப் பேசணும்?"

"அதான் விதி. ஆதரிச்சு ஒருத்தர், எதிர்த்து ஒருத்தர். அப்பறம் ஓட்டு."

ரைமுண்ட் எழுந்தான். அவன் கண்கள் பளபளத்தன. "நான் எதிர்க்கறேன்னு சொல்லமாட்டேன். ஆனா ஹென்னிங் நமக்கு ஒரு அருமையான உதாரணம் கொடுத்திருக்கார். பொறுமையைப் பத்தின பேச்சைப் பொறுக்க முடியாம ஒருத்தர் நிறுத்தப் பாக்கறார். இதை விட்டுட்டு நாம வேற எதைப் பேசறது?"

"ஐயையோ, என்னை எதுக்குடா உதாரணமாக்கறே!"

அவ்வளவுதான். ஓட்டெடுப்பு மறந்துபோய், ஏழு பேர் பதினொரு பேரானார்கள். ஹென்னிங்கின் பொறுமையின்மை இயல்பானதா, வளர்ப்பினால் வந்ததா என்று ஒருத்தி கேட்டாள். அது அவனுடைய கணக்குப் படிப்பினால் வந்தது என்று ஒருவன் சொன்னான். ஜன்னலைத் திறந்தால் அவனுக்குக் கொஞ்சம் தணியும் என்று ஒருவன் சொல்ல, திறக்கக் கூடாது, குளிருகிறது என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அதற்கும் இங்கோ தனியாக ஒரு வரிசை எழுதினான்.

இடைவேளையில் ஹென்னிங் பேராசிரியையிடம் ஓடினான். அவர் காப்பிக் குவளையோடு சூட்கேஸின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இன்னிக்கு நான் கட்டுரை வாசிச்சே ஆகணும். வேலை போயிடும் மேடம்."

"வாசிங்களேன். யாரு வேணாங்கறது? நீங்க துணைப்பாடம்தானே? துணைப்பாடத்துக்கு அஞ்சு நிமிஷம் போதும். கடைசில வெச்சுக்கலாம்."

"அஞ்சு நிமிஷமா? ரைமுண்ட் நவம்பர்லேருந்து பேசறான்!"

"அவர் முதன்மைப் பாடம். அவங்களுக்கு ஆழம் வேணும்." பேராசிரியை காப்பியை ஊதினார். "உங்களுக்கு ஒரு வாசனை பட்டாப் போதும்."

வாசனையாம்! ஹென்னிங்குக்கு உச்சந்தலை வரை ஏறியது. இந்த முதன்மைப் பாடக்காரர்கள் மட்டும் மேலேயிருந்து இறங்கினவர்கள், துணைப்பாடக்காரன் சமையலறை வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். படிக்கச் செலவழிக்கிற வருஷம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். "கடைசின்னா எப்போ மேடம்?" என்று கேட்டான்.

"ரைமுண்ட் முடிச்சதும்."

"அவன் எப்ப முடிப்பான்?"

"அதுதான் எனக்கும் தெரியலே" என்றார் பேராசிரியை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த விதத்தில் ஒரு கவலை தெரிந்தது. ஹென்னிங் அதைக் கவனிக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ரைமுண்ட் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். பஸ் இன்னும் வரவில்லை. நிற்பவன் இன்னும் நிற்கிறான். ஹென்னிங் ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தான். அணை அலுவலகத்து நாற்காலியில் முன்பின் தெரியாத எவனோ சட்டமாக உட்கார்ந்து பென்சில் சீவுவது மனக்கண்ணில் தெரிந்தது.

"ஆக, நிக்கறவன் தனக்காகவே காத்திருக்கான்னு சொல்லலாமா? சொல்லலாம். ஆனா..."

"ஆனா" என்ற சொல் காதில் விழுந்ததும் ஹென்னிங்கின் கை தானாக எழும்பியது. முஷ்டியை இறுக்கி மேசையில் ஓங்கிக் குத்தினான். டம்! இன்னொரு குத்து. டம்! கேசாவின் நூல்கண்டு உருண்டு கீழே விழுந்தது.

நூல்கண்டை எடுக்க யாரும் குனியவில்லை. பிறகு கேசா ஊசிகளை வைத்துவிட்டுத் தட்டினாள். இங்கோ தட்டினான். பின்வரிசை முழுக்கத் தட்டியது. ஜன்னலுக்காகச் சண்டை போட்டவர்கள்கூட ஒற்றுமையாகத் தட்டினார்கள். அறையே அதிர்ந்தது.

ரைமுண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்ன சொல்றதுன்னே தெரியலே" என்றான். "ஹென்னிங், உனக்கு இது பிடிக்கலேன்னு தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடு. உண்மையைச் சொன்னா, இரண்டாம் பாகமும் எழுதி வெச்சிருக்கேன். நேரம் இருக்காதுன்னு வெளியே எடுக்கலே."

அவன் பையைத் திறந்து கட்டுக்கட்டாக நகல் எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்லி அனுப்பினான். கைக்குக் கை மாறி வந்த கட்டை ஹென்னிங் வாங்கினான். கனத்தது.

அந்தக் கனம்தான் அவனை நாற்காலிமேல் ஏற்றியது.

"போதும்!" என்று கத்தினான். "போதும்டா சாமி! நாலு வாரமா என்னைத் தள்ளிப் போடறீங்க! பொறுமையைப் பத்தி மணிக்கணக்கா பேசறீங்களே, அந்தப் பொறுமையை இங்கே யாரு பண்றது? நான்! நீங்க பேசறீங்க, நான் பொறுக்கறேன்! துணைப்பாடம்னா மனுஷன் இல்லையா? எனக்கு வாசனை போதுமாம்! நாலு மாசமா மோந்துட்டேன் மேடம், மூக்கு அடைச்சுப் போச்சு!"

"ஹென்னிங், நீ வரிசையிலே..." என்று இங்கோ ஆரம்பித்தான்.

"உன் வரிசையைக் கொண்டுபோய் அடுப்பில போடு! ரைமுண்ட், நீ கேளு. உன் பஸ் வராது! வரவே வராது! அதை ஓட்டறவன் உன் கட்டுரையைக் கேட்டுட்டு வேலையை விட்டுட்டு ஓடிட்டான்! எனக்கு வேலை வேணும். ஒரு கையெழுத்து வேணும். அதுக்கு நான் இன்னும் எத்தனை ஸ்வெட்டர் காத்திருக்கணும்?"

மூச்சு வாங்க நின்றான். முகம் கொதித்தது. காரியம் கெட்டது, வெளியே போ என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தான்.

இடி இடித்தது போல் மேசைகள் அதிர்ந்தன. முதல் முறையாக அந்தத் தட்டல் தனக்குத்தான் என்பது ஹென்னிங்குக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பேராசிரியை எழுந்தார். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ரைமுண்ட், உட்காருங்க. உங்க இரண்டாம் பாகத்தை எல்லாரும் வீட்டுல படிப்பாங்க. லோர்ஸ், மேலேருந்து இறங்கி முன்னாடி வாங்க. டாக்ஸி சொல்லியிருக்கேன். அஞ்சு நிமிஷம் வாசிங்க. நீங்க முடிச்சதும் கையெழுத்து." மறுபடி உட்கார்ந்து, சான்றிதழை மேசைமேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். "முடிச்சாத்தான் போட முடியும். பாதியில போட்டா அது என் மனசுக்கு ஒப்பாது."

ஹென்னிங் இறங்கி முன்னே போனான். கட்டுரையின் தலைப்பு 'பொறுமை எதுவரை?' என்பது. நல்ல கட்டுரை, குறை சொல்லக் கூடாது. ஒவ்வோர் அணைக்கும் ஓர் உயரம் உண்டு. அந்த உயரம் வரை தண்ணீரைத் தாங்குவது அணையின் பெருமை. அதற்குமேல் தண்ணீர் வந்தால் குற்றம் அணைமேல் இல்லை. மனிதனின் பொறுமையும் அப்படித்தான். இவ்வளவுதான் விஷயம். சுருக்கமாக, சுத்தமாக வாசித்து முடித்தான்.

எல்லாரும் மேசைகளைத் தட்டினார்கள். பேராசிரியை பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார்.

ஹென்னிங் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். கணக்குத் துறையில் அவனுக்காக எவனும் ஒரு மேசையைத் தட்டியதில்லை. அங்கே விடை சரியென்றால் தலையைக்கூட ஆட்டமாட்டார்கள். இங்கே கேசா தட்டுகிறாள். இங்கோ கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறான். ரைமுண்டே தட்டுகிறான்! இதுங்களுக்கு ரசனை இல்லை என்று எவன் சொன்னது? இத்தனை நாள் சரக்கு இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் பாவம், அவ்வளவுதான்.

"ரெண்டே ரெண்டு வார்த்தை மட்டும் சேர்த்துச் சொல்லிடறேன்" என்றான்.

பேராசிரியையின் பேனா நின்றது. "முடிஞ்சுது இல்லையா?"

"ஒரே நிமிஷம் மேடம்." சாக்கட்டியை எடுத்துப் பலகையில் ஓர் அணை வரைந்தான். அணைக்குப் பின்னால் கடல். கடலுக்குமேல் அலை. "அலையோட உயரத்தை எப்படிக் கணக்குப் போடறதுன்னு பார்த்தாத்தான் பொறுமையோட எல்லை விளங்கும். இது சின்னச் சமன்பாடுதான்."

தட்டினார்கள். அவன் சமன்பாட்டை எழுதினான். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவன் பலகையின் மறுபக்கத்தைத் திருப்பினான். கேசா இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். அடடா, கணக்கைத் தத்துவக்காரர்களுக்குப் புரியும்படி சொல்லுகிற ஆள் இதுவரை வரவேயில்லை போலிருக்கிறது! ஹென்னிங் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். காற்று வடமேற்கிலிருந்து அடித்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தான்.

"லோர்ஸ், டாக்ஸி" என்றார் பேராசிரியை.

"இதோ மேடம், இதுதான் முக்கியமான கட்டம்."

அவர் எழுந்து நின்றார். மரியாதைக்காக எழுந்து நிற்கிறார் என்று ஹென்னிங் எடுத்துக்கொண்டான். வெளியே ஹாரன் ஒலித்தது. அறைக்குள் தட்டல் அதையும் அமுக்கியது. ஹென்னிங் பலகைப் பக்கம் திரும்பி, சமன்பாட்டின் கடைசி வரியை அழுத்தமாக எழுதி, அடிக்கோடிட்டு, "ஆக, எல்லா அணைக்கும் ஓர் உயரம் உண்டு!" என்று வெற்றியோடு திரும்பினான்.

பேராசிரியை இல்லை. சூட்கேஸும் இல்லை. மேசைமேல் சான்றிதழ் இருந்தது. கையெழுத்துக்கான கோட்டின்மேல் பேனா வைத்த ஒரு மைப்புள்ளி மட்டும் இருந்தது.

சாக்கட்டியோடு ஓடினான். படியில் வழுக்கினான். தெருமுனையில் டாக்ஸி திரும்பிக்கொண்டிருந்தது. "மேடம்! முடிச்சுட்டேன் மேடம்!" என்று கத்தினான். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். ரயிலடிக்குப் போகிற பஸ் எந்த நேரமும் வரலாம். நின்றான். சேற்றில் கால் மாற்றி மாற்றி நின்றான். பஸ் வரவில்லை. தூரத்தில் ரயில் ஊதிப் புறப்பட்டது காதில் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருந்தான்.

திரும்பி வந்தபோது அறை காலியாகியிருந்தது. கேசா மட்டும் நூல்கண்டைத் தேடிக் குனிந்து மேசைக்கடியில் இருந்தாள். ஹென்னிங்குக்குக் கொட்டித் தீர்க்க ஓர் ஆள் கிடைத்தது.

"போச்சு! வேலையும் போச்சு, வருஷமும் போச்சு! எல்லாம் உங்களாலதான்!"

"எங்களாலயா?" கேசா தலையை வெளியே நீட்டினாள்.

"பின்னே? அஞ்சு நிமிஷத்துல அழகா முடிச்சேன். கம்முனு இருந்திருந்தா கையெழுத்தை வாங்கிட்டுப் போயிருப்பேன். நீங்கதான் விடாம தட்டினீங்க! நான் ஒவ்வொரு வரி எழுத எழுத இன்னும் பலமா தட்டினீங்க! மரியாதைக்கும் ஒரு அளவு வேணாமா? எதுக்கு அப்படிப் பைத்தியம் பிடிச்ச மாதிரி தட்டித் தொலைச்சீங்க?"

கேசா நூல்கண்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிவந்து வீங்கியிருந்த விரல் முட்டிகளை ஸ்வெட்டருக்குள் நுழைத்துக்கொண்டு சொன்னாள்:

"நவம்பர்லேருந்து இந்த ரூம்ல கோபத்துல தட்டறது நீ ஒருத்தன்தான்னு நினைச்சியா, ஹென்னிங்?"